ஒரு ஆள் உத்தரவுக்குக் காத்திருக்கிறான்

குளச்சல் ஐஸ் பிளாண்டில் ராத்திரி ஷிப்ட் எனக்கு.
பகலில் ஜெரோமியாஸ்.
இரண்டு பேருக்கும் ஒரே நாற்காலி,
மூலை விரிந்த ஒரே லேப்டாப்,
அதற்குள் ஒரே ராஜ்யம்.

பேனலில் ஒரு திருகு உண்டு:
இடப்பக்கம் கை, நடுவில் நிறுத்தம், வலப்பக்கம் ஆட்டோ.
வந்ததும் அதை வலப்பக்கம் தள்ளிவிட்டு உட்காருவேன்.
கம்ப்ரசர் தானே ஓடும், தானே நிற்கும்.
தண்ணீரை மிதவை பார்த்துக்கொள்ளும்.
நான் முப்பத்தெட்டு மண்வெட்டிக்காரர்களை
ஒவ்வொருவராய் எழுப்பி
எந்த வயல், எந்த வரப்பு என்று சொல்வேன்.
என் முறைக்கு நாற்பது நிமிஷம்.
எதிரிக்கு ஐந்து நொடி.

குறும்பனை, மண்டைக்காடு, கொட்டில்பாடு
என்று நகரங்களுக்குப் பெயர் வைத்தது நான்.
கொட்டில்பாட்டுக்கு மேற்கே ஒரு காட்டை
வெட்டாமல் விட்டிருந்தேன்.
கணக்குப்படி நஷ்டம்.
பார்க்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

காலையில் ஜெரோமியாஸ் வந்து
எல்லாரையும் ஆட்டோவில் போட்டுவிடுவான்.
"எளவு, ஒவ்வொருத்தனுக்கா சோறு ஊட்டிட்டு இருப்ப?"
ராத்திரி திறந்தால் காடு இல்லை.
யாரும் போகாத மலைக்குச் சாலை,
ஏறி, இறங்கி, மறுபடி ஏறி.
கஜானா மட்டும் நிறைந்திருக்கும்.
அதுதான் எரிச்சல்.

பிளாண்டில் அவன் வேறு ஆள்.
திருகு எப்போதும் கைப்பக்கம்.
மணிக்கொருதரம் ஏணியேறி
தொட்டிக்குள் முழங்கை வரை விட்டுப் பார்ப்பான்.
மிதவை பொய் சொல்லுமாம்.
நோட்டில் அவன் பக்கம் முழுக்க எண்கள்.
என் பக்கம்
சரி. சரி. சரி.

நூற்று அறுபதாவது முறையில் சாரணனைக் காணோம்.
சிலுவை என்று பெயர் அவனுக்கு.
நாற்பது முறையாய் ஆற்றங்கரையில்
காவல் நிறுத்தியிருந்தேன், பத்திரமாய்.
பதிவேட்டைப் புரட்டினேன்.
பகலில் ஆட்டோவில் கிளம்பியிருக்கிறான்,
பனிவெளி தாண்டியிருக்கிறான்,
யாருடைய வேலோ பட்டு
ஒரே வரியில் முடிந்திருந்தான்.
அந்நேரம் ஜெரோமியாஸ்
சாளைக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தானாம்.

விடியும்வரை சண்டைக்கு வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன்.
"மேப்பப் பாத்தியாடே?" என்றான் வந்ததும்.
பார்த்தேன்.
கறுப்பாய்க் கிடந்த பாதி உலகம் வெளுத்திருந்தது.
இரண்டு தீவு, ஒரு வளைகுடா,
நான் கேள்வியே படாத ஒருத்தியின் தலைநகரம்.
சிலுவை நடந்த தடம் கோணல்மாணலாய்,
நான் ஒருநாளும் அனுப்பியிருக்காத வழி.
சேர்த்து வைத்த வார்த்தைகளோடு
சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஆவணியில் ஒரு ராத்திரி மிதவை சிக்கியது.
முற்றுகையிலிருந்து மண்டைக்காட்டை
வில்லாளி வில்லாளியாய் நகர்த்தி மீட்டுக்கொண்டிருந்தேன்.
ஒரு உயிர்கூடப் போகவில்லை.
முதுகுக்குப் பின்னால்
உப்புநீர் ஏறி அச்சுகளுக்குள் வழிந்தது.
மூன்றரைக்கு ஐஸ் ஏற்ற வந்த பிரிட்டோ
ஒரு துண்டை உடைத்து நாக்கில் வைத்துத் துப்பினான்.
"உப்புக்குத்தான் கடல் கெடக்கே,
ஒனக்கு எதுக்குலே துட்டு?"
நாற்பத்திரண்டு கட்டி.
சம்பளத்தில் பிடித்தார்கள்.

திருகு இன்னும் வலப்பக்கம்தான், பொய் சொல்வானேன்.
சில நேரம் எழுந்து ஏணி ஏறுகிறேன்.
நேற்றும் ஏறினேன், கையை விட்டேன்.
எண்ணி முடிப்பதற்குள்
மணிக்கட்டுக்குக் கீழே கை என்னுடையதாய் இல்லை.
நோட்டில் முதல்முறையாய் ஒரு எண்ணை எழுதினேன்,
கோழி கிளறியது போல.

இறங்கி வந்தால் திரை சொல்கிறது:
ஒரு ஆள் உத்தரவுக்குக் காத்திருக்கிறான்.
ஈர விரல். அம்புக்குறி எகிறியது.
வயலுக்குப் போகவேண்டியவன்
சதுப்பில் போய் நின்றான், இடுப்பளவு.
வைத்த அடியைத் திரும்ப எடுக்க
இந்த விளையாட்டில் வழியில்லை.

கையைத் தோர்த்தில் துடைத்துக்கொண்டு
அடுத்தவனை எழுப்பினேன்.